மணமும் அளவும்



காஞ்சிமாநகரிலிருந்து மேற்கே, வேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சில கல் தொலைவு சென்றால் பாலுசெட்டிசத்திரம் வரும். அதனை அடுத்து அமைந்துள்ள சிற்றூர் திருப்புட்குழி. புள் என்பது பறவை. சீதாபிராட்டியைக் காக்கப் போரிட்டு உயிர் நீத்த கழுகரசன் சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவே என்று தலபுராணம் கூறும். ஊரின் பெயரிலும், கோயிலுக்கு முன்னுள்ள சடாயு தீர்த்தத்தின் பெயரிலும் அக்கதை இன்றும் வாழ்கின்றது. அங்கே எழுந்தருளியுள்ள விசயராகவப் பெருமாள் திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றவர்; நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று அத்தலம்.

வைணவத் திருக்கோயில்களுக்குச் சென்று வந்தவர்கள் ஒரு மணத்தை மறக்கவே மாட்டார்கள். அது தீர்த்தத்தின் மணம். துளசியும், பச்சைக் கற்பூரமும், சிலவிடங்களில் ஏலமும் இட்ட குளிர்ந்த நீரை அர்ச்சகர் சிறு கரண்டியால் நம் உள்ளங்கையில் வார்க்கின்றார். அதனைப் பருகியபின் நெடுநேரம் நாவிலும் நாசியிலும் அம்மணம் நிற்கின்றது. ஒரு பாத்திரம் நிறைந்த தண்ணீரில் அர்ச்சகர் இடும் பச்சைக் கற்பூரம் எவ்வளவு? விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுதான். அந்தச் சிறு துகள் நூறு பேருடைய உள்ளங்கைகளுக்கு மணம் ஊட்டிவிடுகின்றது. இந்த அளவை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய என் பேச்சு முழுவதும் அதைப் பற்றியதே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழித் திங்களில் அவ்வூர்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, எனக்குப் பழக்கமான ஒரு நெசவாளரின் இல்லத்துக்குச் சென்றேன். முன்கூடத்தில் தறி, தறியில் பாதி நெய்த பட்டுப் புடவை, மூலையில் பூசை மாடம். வீட்டுக்காரர் தறியினின்று எழுந்து வந்து என்னை வரவேற்றார். அவருடைய பேரக் குழந்தைக்கு வயது இரண்டு நிரம்பவில்லை. அப்போதுதான் நடை பழகி, எட்டியதையெல்லாம் எடுத்து வாயிலிட்டுச் சுவை பார்க்கும் பருவம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே குழந்தை பூசை மாடத்தருகே எதையோ மென்று முகம் சுளித்ததைப் பாட்டி கண்டு வாயைத் துடைத்துவிட்டார். கற்பூரக் கட்டியைக் கடித்திருந்தது. "ஒன்றும் ஆகாது, ஐயா, சாமி கற்பூரந்தானே" என்று அவர் சொன்னார். எங்களுள் எவரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

அரைமணி நேரம் கழிந்திருக்கும். குழந்தையின் கண்கள் மேலே செருகின. கைகால்கள் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தன. யாரோ சாவிக்கொத்தை எடுத்துக் குழந்தையின் கையில் திணித்தார்கள். யாரோ தண்ணீர் புகட்ட முனைந்தார்கள். நல்லவேளையாகத் தெருவில் ஒரு வண்டி கிடைத்தது. காஞ்சிபுரத்து மருத்துவமனை ஒன்றில் வலிப்பை அடக்கி, இரண்டு நாள் வைத்திருந்து பார்த்து, குழந்தையை நலமாகத் திருப்பி அனுப்பினார்கள். மாத்திரை அளவுள்ள ஒரு கட்டியின் சிறு பகுதி செய்த வேலை அது.

அன்றிரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அந்தப் பாட்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "கோயில் தீர்த்தத்திலேயே கற்பூரம் போடுகிறார்களே, ஐயா. பெருமாளுக்கு ஆவது குழந்தைக்கு எப்படி ஆகாமல் போகும்?" என்றார். அக்கேள்விக்கு அன்று என்னால் நிறைவான விடை கூற இயலவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியும், மருத்துவர்களை வினவியும் அறிந்துகொண்டதையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலில், மணம் என்பது யாது என்று பார்ப்போம். துளசி, வெட்டிவேர், மரிக்கொழுந்து, சந்தனம், கிராம்பு, ஏலம், எலுமிச்சை முதலியவற்றின் இலையிலோ, வேரிலோ, கட்டையிலோ, தோலிலோ எளிதில் ஆவியாகும் ஒருவகை எண்ணெய் நுண்ணிய அளவில் தங்கியுள்ளது. நல்லெண்ணெயைத் துணியில் விட்டால் கறை நிற்கும். இந்த எண்ணெயை விட்டால் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். அவ்வாறு போகும் ஆவியே நம் மூக்கை வந்தடைந்து மணமாகின்றது. இதனை வாசனைத் தைலம், நறுமண எண்ணெய் எனப் பலவாறு வழங்குகின்றோம். கற்பூரமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அது கெட்டியாக உறைந்திருப்பது ஒன்றே வேறுபாடு.

இந்த எண்ணெயைச் செடியினின்று பிரிக்கும் முறை வாலையில் வடித்தல். கலத்தில் இலையை இட்டு நீராவியைச் செலுத்தினால், நீராவி எண்ணெயையும் தன்னோடு அள்ளிக்கொண்டு செல்லும். குளிர்ந்த குழாயில் அது மீண்டும் நீராகும்போது எண்ணெய் தனியே பிரிந்து நிற்கும். வடநாட்டில் கன்னோசியில் செப்புப் பானைகளைக் கொண்டு இன்றும் அத்தர் வடிக்கின்றார்கள். நம் நாட்டில் நீலகிரியே இதற்குப் பெயர் பெற்ற இடம். ஆத்திரேலிய நாட்டு மரமாகிய யூகலிப்டஸ் 1843ஆம் ஆண்டில் அம்மலைக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் இலைகளைத் திரட்டி, மலைச்சரிவுகளில் குடிசைகளுக்குள் வாலை வைத்து வடிக்கும் தொழில் அங்கே வளர்ந்தது. நீலகிரித் தைலம் என்று நம் வீடுகளில் வழங்குவது அதுவே. வெட்டிவேர் என்னும் தமிழ்ச் சொல்லே மேலைநாட்டு மொழிகளில் வெட்டிவர் என்று புகுந்து, உலகச் சந்தையில் அந்த எண்ணெய்க்குப் பெயராகியிருப்பதும் நாம் அறிந்து மகிழத்தக்கது.

இனி, ஒரு சிறு கணக்குப் போடுவோம். நூறு கிலோ யூகலிப்டஸ் இலையை வடித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும். அப்படியானால் ஒரு தேக்கரண்டித் தைலத்துக்குள் ஏறத்தாழ அரைக் கிலோ இலையின் எண்ணெய் அடங்கியுள்ளது. ரோசாப்பூவின் கணக்கு இன்னும் வியப்பானது. ஒரு கிலோ ரோசா எண்ணெய்க்கு மூவாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இதழ்கள் வேண்டும்.

நம் முன்னோர் சளி பிடித்தால் என்ன செய்தார்கள்? கொல்லையிலிருந்து நொச்சி இலையை ஒரு கைப்பிடி ஒடித்து, வெந்நீரில் இட்டு வேது பிடித்தார்கள். அந்தக் கைப்பிடி இலையில் இருந்த எண்ணெய் மிகச் சொற்பம். நாமோ புட்டியைத் திறந்து, கணக்குப் பாராமல் கொதிநீரில் சாய்க்கின்றோம். பொருளின் பெயர் மாறவில்லை. மணமும் ஏறக்குறைய அதுவே. ஆனால் அளவு பன்மடங்காகிவிட்டது. "பாட்டி காலத்து மருந்துதானே" என்று நாம் ஆறுதல் கொள்வது பிழை. பாட்டி கையாண்டது இலை. நாம் கையாள்வது இலையின் சாரம். நெசவாளர் இல்லத்துப் பாட்டியின் கேள்விக்கும் விடை இதுவே. தீர்த்தத்தில் இருந்தது துகள். குழந்தையின் வாயில் இருந்தது கட்டி. மேலும், பச்சைக் கற்பூரம் என்ற பெயராலும், சூடம் என்ற பெயராலும் கடைகளில் விற்கப்படுவன எல்லாம் ஒரே பொருளும் அல்ல. ஆரத்திக்கு ஏற்றும் கற்பூரம் பெரும்பாலும் தேவதாருக் குடும்பத்து மரங்களினின்று கிடைக்கும் டர்ப்பன்டைனைக் கொண்டு தொழிற்சாலையில் ஆக்கப்படுவது. அது எரிப்பதற்கு உரியதே அன்றி உண்பதற்கு உரியதன்று.

நறுமணங்களைக் கொண்டு உடலுக்கும் உள்ளத்துக்கும் இதம் தேடும் முறைக்கு அரோமாதெரபி, அதாவது நறுமண மருத்துவம் என்று இன்று பெயர் வழங்குகின்றது. பிரெஞ்சு நாட்டு வேதியியலாளர் காத்தபோசே என்பவர் 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் வாயிலாக அப்பெயர் பரவியது. நல்ல மணம் மனத்துக்கு இதமளிக்கும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். மல்லிகையைச் சூடியவரும், சந்தனத்தைப் பூசியவரும் அதனை அறிவர். பதற்றம், குமட்டல் போன்றவற்றுக்குச் சிறிது நன்மை கண்டதாகச் சில ஆய்வுகளும் உள்ளன. ஆயினும் காய்ச்சலையோ, ஆஸ்துமாவையோ, நீரிழிவையோ ஒரு வாசனை எண்ணெய் தீர்த்துவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே நறுமணத்தை இன்பத்துக்காகவும் இளைப்பாறுதலுக்காகவும் நாடலாம்; மருந்தை விட்டுவிட்டு அதனைப் பற்றிக்கொள்ளலாகாது.

இந்த எண்ணெய்கள் நம் உடலுக்குள் புகுவதற்கு மூன்று வாயில்கள் உள்ளன. ஒன்று மூக்கு, மற்றொன்று தோல், மூன்றாவது வாய். ஒவ்வொன்றுக்கும் உரிய காவலை எடுத்துரைக்கின்றேன்.

மூக்கின் வழியே நுகர்வதுதான் மூன்றனுள்ளும் எளியது. அறையில் மணம் பரப்ப வேண்டுமாயின், நீர் நிறைந்த மணப்பரப்பியில் மூன்று நான்கு சொட்டுப் போதும். சன்னல் திறந்திருக்கட்டும். அரைமணி அல்லது ஒருமணி நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். இரவு முழுவதும் மூடிய அறையில் மணத்தைப் பரப்பிக்கொண்டு உறங்குவது தலைவலிக்கும் இருமலுக்கும் வழிகோலும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் கடுமையான மணம் எதுவும் வேண்டா. பூனை வளர்ப்போரும் எச்சரிக்கையாக இருத்தல் நலம். இவ்வெண்ணெய்களிலுள்ள சில பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு.

வேது பிடிப்பதில் வேறோர் இடரும் உண்டு. கொதிக்கும் பானை கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளை மருத்துவமனைகள் எத்தனையோ கண்டிருக்கின்றன. அடுப்பின்மேல் பானையை வைத்தபடியே முகத்தை நீட்டுவதும் அறியாமை. யூகலிப்டஸ் தைலத்தின் ஆவி 50 பாகை சென்டிகிரேடு வெப்பத்திலேயே தீப்பொறி பட்டால் பற்றக்கூடும். அடுப்பை அணைத்து, பானையைத் தரையில் நிலையாக வைத்து, கொதி அடங்கியபின் வேது பிடிப்பதே முறை. கண்களை மூடிக்கொள்ளவும் வேண்டும். 2021ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று மிகுந்திருந்தபோது பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடிக்கும் வழக்கம் தோன்றியதும், அது தொற்றைப் பரப்பும் என்று கருதித் தமிழக அரசு அதனைத் தவிர்க்கச் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். நல்லெண்ணத்தோடு தொடங்கும் செயலும் முறை தவறினால் தீங்காகும் என்பதற்கு அது ஒரு சான்று.

அடுத்தது தோல். வாசனை எண்ணெயை நேரே தோலில் தேய்க்கலாகாது. நல்லெண்ணெயிலோ, தேங்காய் எண்ணெயிலோ கலந்தே தேய்க்க வேண்டும். கலக்கும் கணக்கை மாணவர்கள் எளிதில் நினைவிற்கொள்ளலாம். ஒரு மில்லிலிட்டர் என்பது ஏறக்குறைய 20 சொட்டு. ஒரு தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய 100 சொட்டு. எனவே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய்க்கு ஒரு சொட்டு வாசனை எண்ணெய் என்றால் அது நூற்றுக்கு ஒரு பங்கு. வளர்ந்தவர்களின் உடலுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு போதுமானது; முகத்துக்கு ஒரு பங்குக்கு மேல் வேண்டா. முதன்முறை பூசுவோர், கலந்த எண்ணெயை முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி ஒருநாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். சிவப்போ அரிப்போ தோன்றினால் அவ்வெண்ணெய் உங்களுக்கு உரியதன்று.

எலுமிச்சை, நாரத்தை இனங்களின் தோலைப் பிழிந்தெடுக்கும் எண்ணெய்களுள் சில, வெயில் பட்டதும் தோலைப் புண்ணாக்கிக் கறுக்கச் செய்யும். அவற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் நடத்தல் தகாது. பழைய எண்ணெயும் ஆகாது. காற்றும் வெளிச்சமும் பட்டு நாட்பட்ட எண்ணெய் உருமாறித் தோல் ஒவ்வாமையைத் தூண்டும். ஆதலின் புட்டியைத் திறந்த நாளை அதன்மேல் எழுதி வைப்பது நற்பழக்கம்.

மூன்றாவது வாயில் வாய். அங்கே நான் கூறக்கூடிய விதி ஒன்றே ஒன்று. மருத்துவர் சொன்னாலன்றி எந்த வாசனை எண்ணெயையும் உட்கொள்ளாதீர்கள். உணவில் ஏலத்தையும் கிராம்பையும் நாள்தோறும் சேர்க்கின்றோமே என்று நீங்கள் கேட்கலாம். குழம்பில் இடும் இரண்டு கிராம்பு வேறு. கிராம்பு எண்ணெய் வேறு. பல்வலிக்கு அதனைப் பஞ்சில் தோய்த்து வைப்பவர்கள் ஈறு வெந்து வருந்துவதுண்டு. குழந்தைகள் விழுங்கினால் ஈரல் பழுதுறும். நீலகிரிக் கடைகளில் விண்டர்கிரீன் தைலம் என்று ஒன்று கிடைக்கும். மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலம் அது. அதில் ஒரு தேக்கரண்டியை விழுங்குவது ஏறக்குறைய 20 ஆஸ்பிரின் மாத்திரைகளை ஒருசேர விழுங்குவதற்கு ஒப்பாகும். சிறு குழந்தையின் உயிருக்கு அதுவே போதும். யூகலிப்டஸ் தைலமும் ஒரு தேக்கரண்டி அளவில் குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தவல்லது. கற்பூரமோ ஒரு கிராம் அளவிலேயே குழந்தையின் உயிரைப் பறித்ததுண்டு என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, தோலில் பூசும் மருந்துகளில் கற்பூரம் நூற்றுக்கு 11 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று வரையறுத்ததும் இக்காரணம் பற்றியே.

எவரெவர் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். முதலாவது, கைக்குழந்தைகள். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் தடவுவதும், கற்பூரத்தைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டுவதும் நம் வீடுகளில் பரவலான வழக்கம். அன்பினால் செய்வதுதான். ஆயினும் கற்பூரம் மெல்லிய தோலின் வழியேயும் உடலுக்குள் செல்லும். முடிச்சோ, என்றேனும் ஒருநாள் வாய்க்குள் செல்லும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம், யூகலிப்டஸ், புதினா உப்பு ஆகிய எதுவும் வேண்டா. மூக்கின் கீழ்த் தடவினால் அவர்களுக்கு மூச்சுத் திணறலே உண்டாகக்கூடும்.

இரண்டாவது, வலிப்பு நோய் உள்ளவர்கள். இதில் நம் நாட்டு மருத்துவர்களே உலகுக்கு ஓர் உண்மையை எடுத்துக்காட்டியுள்ளனர். தென்னிந்திய மருத்துவமனைகள் நான்கில் வலிப்போடு வந்த வயதுவந்தோரை நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து, 2021ஆம் ஆண்டில் அவர்கள் முடிவுகளை வெளியிட்டனர். ஆராயப்பட்ட 350 பேருள் 55 பேருக்கு வலிப்பு வருமுன் வாசனை எண்ணெய்களின் தொடர்பு இருந்தது கண்டறியப்பட்டது. யூகலிப்டஸும் கற்பூரமுமே அவற்றுள் முதன்மையானவை. தலைவலிக்குத் தடவிய தைலமும், சளிக்கு நுகர்ந்த மருந்தும் ஐயத்துக்கு இடமின்றித் தோன்றுவதால், மருத்துவர் வினவாவிட்டால் அதனைச் சொல்லாமல் விட்டுவிட நேரலாம். ஆதலின் மருத்துவரிடம் செல்லும்போது உண்ட மருந்தை மட்டுமன்றி, பூசிய தைலத்தையும் கூற வேண்டும். கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைக் கையாளலாகாது.

இனி, பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் முறை. காஞ்சிப் பட்டு நெய்யும் வீடுகளிலும், அதனை வாங்கி உடுத்தும் வீடுகளிலும் ஒரு தனிப்பட்ட இடர் உள்ளது. பூச்சி அரிக்காமலிருக்கப் புடவைப் பெட்டியில் அந்துருண்டை போடுகின்றோம். அதுவும் வெண்மை, கற்பூரமும் வெண்மை, மிட்டாயும் வெண்மை. குழந்தைக்கு வேறுபாடு தெரியாது. அந்துருண்டையிலுள்ள நாப்தலின், பிறவிக் குறைபாடு ஒன்றுள்ள சில குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். விழுங்கினால் மட்டுமன்று, அந்துருண்டையோடு வைத்திருந்த துணியைப் பச்சிளங்குழந்தைக்குச் சுற்றினாலும் அது நேரலாம். பட்டுக்கு வெட்டிவேர்க் கட்டு ஒன்று போதும், மணமும் இனிது. புடவையை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி வைப்பது அதனினும் நன்று.

கற்பூரப் பெட்டியும் தைலப் புட்டியும் மூடியிட்டு, குழந்தையின் கை எட்டாத உயரத்தில், பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். பூசை மாடம் தாழ்வாக இருந்தால் கற்பூரத்தை அங்கே வைக்காதீர்கள், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். தைலத்தை இருமல் மருந்துப் புட்டியில் ஊற்றி வைப்பது பெரும் பிழை. இரவில் விளக்கில்லாதபோது மாற்றிக் கொடுத்துத் துன்புற்ற குடும்பங்கள் பல. விளக்கின் அருகேயும் அடுப்பின் அருகேயும் இவற்றை வைக்கலாகாது.

இவ்வளவு காவலையும் மீறி ஒரு குழந்தை விழுங்கிவிட்டால் யாது செய்வது? முதலாவது, வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்புநீர் புகட்டுதல், தொண்டையில் விரலிடுதல் இரண்டும் தீங்கு. மேலே வரும் எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் கெடும். வலிப்பும் எந்நேரத்திலும் வரலாம். வாயிலுள்ளதைத் துடைத்தெடுத்துவிட்டு, உடனே 108 என்னும் எண்ணை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புட்டியையோ பெட்டியையோ உடன் எடுத்துச் செல்ல மறவாதீர்கள். விழுங்கியது இன்னது என்று தெரிந்தால் மருத்துவருக்கு அரைப்பங்கு வேலை முடிந்தது. குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்கவும் கூடாது. அன்று நாங்கள் இழந்த அந்த அரைமணி நேரம் அப்படித்தான் போயிற்று.

வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்திலுள்ள இறுக்கத்தைத் தளர்த்துங்கள். சாவிக்கொத்தோ, இரும்போ வலிப்பை நிறுத்தாது. பற்களுக்கிடையே கரண்டியைத் திணிப்பதும், தண்ணீர் புகட்டுவதும் ஆபத்து. தைலம் கண்ணில் தெறித்தால் ஓடும் தூய நீரில் கால்மணி நேரம் கழுவி, மருத்துவரைக் காண வேண்டும். தோலில் பட்டு எரிந்தால் சமையல் எண்ணெயால் துடைத்துவிட்டுச் சவுக்காரமிட்டுக் கழுவலாம்.

நேயர்களே, திருப்புட்குழிக்கு மற்றொரு பெருமையும் உண்டு. இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசர் என்னும் ஆசிரியரிடம் பாடம் கேட்டது அவ்வூரில்தான் என்பர். ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவர் கூறிய ஓர் உரை பொருந்தாது எனக்கண்டு மாணவர் மனம் வருந்தினார் என்றும், பணிவு குன்றாமல் தாம் கருதிய பொருளை எடுத்துரைத்தார் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறும். அக்கதையில் மாணவர்கள் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பெரியோரை மதிக்க வேண்டும்; அவர்கள் சொல்வதை ஆராயவும் வேண்டும். "இயற்கையானது, ஆகவே தீங்கற்றது" என்று உங்கள் வீட்டில் எவரேனும் கூறினால், சினவாமல், இழித்துரைக்காமல், "எவ்வளவு? எந்த வழியில்? யாருக்கு?" என்ற மூன்று வினாக்களைப் பணிவோடு கேளுங்கள். விடை தெரியாவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள்.

அந்த நெசவாளரின் இல்லத்துக்கு மறு ஆண்டும் சென்றேன். குழந்தை தறிக்கு அருகே உட்கார்ந்து நூற்கண்டை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. பூசை மாடத்தில் குத்துவிளக்கும், துளசிக் கொத்தும், வெட்டிவேர் விசிறியும் இருந்தன. கற்பூரப் பெட்டி கண்ணிற்படவில்லை. பாட்டி தம் இடுப்பிற் செருகியிருந்த சாவிக்கொத்தைத் தொட்டுக்காட்டி, "அலமாரிக்குள் இருக்கிறது, ஐயா. இப்போதுதான் இந்தச் சாவிக்கு ஒரு பயன் வந்தது" என்று சொல்லிச் சிரித்தார்.

உங்கள் இல்லங்களிலும் மணம் கமழட்டும். அது கோயில் தீர்த்தத்தின் அளவோடு கமழட்டும்.